சம்பந்தி வீட்டுப் பன்னிகள்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்தில் பன்னி வளர்த்த வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தி. பன்றி என்றுதான் எழுத வேண்டும், தெரியும். ஆனால் அப்படி எழுதினால் அது ஏதோ பாடப்புத்தகத்தில் வரும் மிருகமாகிவிடுகிறது. நாங்கள் வளர்த்தது பன்னி.

ஒரு வீட்டில் நல்ல பெட்டைக் குட்டி பிறந்தால், வளர்க்க ஆசைப்படும் வீட்டுக்குச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அது பெரிதாகிக் குட்டி போட்டதும், முதல் ஈற்றில் ஒரு குட்டி கொடுத்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இதுதான் ஏற்பாடு. இதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தவள் என் அக்கா. ஒரு நாள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற கூட்டத்தில், "பொண்ணு குடுத்திருக்கோம்ல, அப்ப சம்பந்திதானே" என்று போட்டாள். அவ்வளவுதான், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு குட்டி கொடுக்கப் போகும்போது தகரத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போவாள். வாங்குகிற வீட்டுக்காரி முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டாள். "பொண்ண நல்லா வச்சுக்கங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரி நடிப்பாள். லயமே சிரிக்கும்.

அம்மா போன பிறகு என்னைப் படிக்க அனுப்பியவள் அவள்தான். எனக்கு அவளிடம் அன்பு அதிகம், பொறாமையும் அதிகம். அப்படி ஒரு வாய் அவளுக்கு. கொழுந்து பறிக்கிற மலையில் அவள் ஒரு நிரையில் பேச ஆரம்பித்தால் அதற்கு அங்காலே ஐந்தாறு நிரைக்குக் கேட்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பெண்ணுக்கு எங்கே பேச்சு நடக்கிறது, மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவுக்கு ஏன் இன்றைக்கு முகம் இப்படி இருக்கிறது, எல்லாம் அவளிடம் இருக்கும். மற்றவர்கள் சொல்வதை அவள் கேட்கிற விதமும் தனி. கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கும், காது மட்டும் அங்கே போய் நிற்கும். நான் ஒரு சொல்லைக் குறைத்துச் சொன்னாலும் பிடித்துவிடுவாள்.

சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுக் காம்பராவுக்குப் பின்னால் அரைப் பீப்பாயில் பன்னிக்குத் தீனி வேகும். எங்கள் ஊர் கந்தப்பளையின் கடைகளில் கழித்துப்போடுகிற லீக்ஸ் தாள், கோவா என்கிற முட்டைக்கோஸ் இலை, உடைந்த கேரட், அதில் ஒரு சட்டி தவிடு. அந்தக் குளிரில் அடுப்பைச் சுற்றி யார் யாரோ வந்து கை காட்டிக்கொண்டு நிற்பார்கள். பேச்சுத்தான் பேச்சு. இன்றைக்கும் எங்கேயாவது லீக்ஸ் வேகிற வாசம் வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் போல இருக்கிறது.

சின்னவள் எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அத்தான், அக்காவின் கணவர், வலப்பனையில் தெரிந்த ஒரு சிங்கள வீட்டிலிருந்து பால் மறந்த வெள்ளைக் குட்டிகளைச் சாக்கில் கொண்டுவந்தார். நல்ல ஜாதி, சீக்கிரம் எடை ஏறும் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். கொஞ்ச நாளில் ஒரு குட்டி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, குடித்தவன் மாதிரி நடந்தது. மறுநாள் பக்கவாட்டில் விழுந்து நான்கு காலாலும் காற்றை மிதித்துக்கொண்டே கிடந்தது. தலை பின்னால் வளைந்துவிட்டது, கண்ணின் கருமணி நிற்காமல் ஆடியது. பார்க்கவே முடியவில்லை.

லயத்தில் ஆளுக்கு ஆள் வைத்தியர். தலையைச் சாய்க்கிறது, காதை உதறுகிறது, அப்படியென்றால் காதுக்குள் வண்டு போயிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். தேங்காய் எண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி, அத்தான் குட்டியைப் பிடித்துக்கொள்ள, அக்கா அதன் காதில் இளஞ்சூடாக விட்டாள். ஒரு வண்டும் வரவில்லை. அடுத்த குட்டிக்கும் அப்படியே விட்டாள். ஒவ்வொன்றாக எல்லாம் செத்தன, இருப்பதிலேயே சிறிய பெட்டை ஒன்றைத் தவிர. அதுவும் விழுந்து காலை உதைத்ததுதான், ஆனால் எழுந்துவிட்டது. கழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்தே நின்றுபோயிற்று. நாம் பேசுவதைக் கவனமாகக் கேட்கிற மாதிரி இருக்கும். அக்காவுக்கு அது போதாதா, மணிக்கணக்காக அதனிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். சின்னவ என்று கூப்பிட்டாள்.

எமனுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டு வந்தவள், இவள் வயிற்றில் பிறப்பதெல்லாம் கெட்டியாக இருக்கும் என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நோயில் தப்பியதை விதைக்கு வைப்பதுதானே புத்திசாலித்தனம்? உருளைக்கிழங்கில் அப்படித்தான் செய்கிறோம். சின்னவளின் பெண்கள் ஒவ்வொரு வீடாகப் போனார்கள். சில வருடத்தில் லயத்திலிருந்த வெள்ளைப் பன்னி எல்லாமே அவளுக்கு மகளோ பேத்தியோதான். கறுப்பு நாட்டுப் பன்னி வைத்திருந்த இரண்டொரு வீட்டை அக்கா, "அவங்க வேற சாதி, நமக்குச் சரிப்படாது" என்று கிண்டல் செய்வாள்.

பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அது வந்தது. பால் மறக்கடித்த கொஞ்ச நாளில் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகள் விழுந்து காற்றை மிதிக்கும். தொங்கல் காம்பராவில், அதாவது லயத்தின் கடைசி வீட்டில் இருந்த, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறவர், நாங்கள் கொடுத்த பெண் வந்த நேரம்தான் சரியில்லை என்று வாசலில் நின்று கத்தினார். எங்கள் வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள், உங்கள் வீட்டுச் சோறுதான் சேரவில்லை என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உண்மையான சம்பந்திகள் கூட இவ்வளவு ரோஷமாகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

நான் அப்போது கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆடு, மாடு, கோழி எல்லாவற்றின் நோய்க்கும் மாதிரி வரும். தட்டில் ரத்தக்கூழ் ஊற்றி அதில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது என் வேலை. பன்னியை விட்டு ஓடிப் படித்தவள் கடைசியில் பன்னி மூளைக்கே போய்ச் சேர்ந்தாள் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எங்கள் பக்கத்து மிருக வைத்தியர் மூலமாக லயத்துக் குட்டி ஒன்றின் மூளை எங்களிடம் வந்தது. மறுநாள் தட்டில் ரவையை விடச் சின்னதாகப் புள்ளிகள், சுற்றிலும் லேசான பச்சை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தில் பன்னிக்கென்றே இருக்கிற ஒன்று.

லீவில் போனபோது அக்காவுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு. கடைசியில் கொங்காணி கைகொடுத்தது. மழை நாளில் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்து முதுகு வரை விட்டுக்கொள்வோமே, அதுதான். பின்னாலிருந்து பார்த்தால் மலையில் எல்லாப் பெண்களும் ஒரே ஆள். ஒரு மழையில் கங்காணி, அக்கா என்று நினைத்துத் தன் வீட்டுக்காரம்மாவையே வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். அன்றைக்கு அவருக்கு வீட்டில் சோறு கிடைத்திருக்காது.

இந்தக் கிருமி அநேகமாக எல்லாப் பன்னியின் தொண்டையிலும் இருக்கிறது என்று சொன்னேன். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, சும்மா குடியிருக்கும். ஆனால் சில வகைக்கு மட்டும் தன்னைச் சுற்றி ஒரு கொங்காணி நெய்துகொள்ளத் தெரியும். அதற்கான மரபணுக்கள் அவற்றிடம் இருக்கின்றன. நூலுக்குப் பதில் ஒருவகைச் சர்க்கரை. அதன் வெளிப்புறத்தில் இருப்பது பன்னியின் உடம்பிலேயே இருக்கிற சர்க்கரை. உடம்பின் காவல்காரர்கள் பார்த்துவிட்டு, நம்ம ஆள்தான் என்று விட்டுவிடுவார்கள். அது ரத்தத்தில் ஏறி மூளை வரை போய்விடும். பன்னியின் பரம்பரையிலும் விஷயம் இருக்கிறது. ஒரே தொட்டியில் தின்றும் கறுப்புப் பன்னிகள் அதிகம் விழவில்லை. ஒரே ஈற்றிலும் ஒன்று விழுகிறது, ஒன்று நிற்கிறது. எதனால் என்று முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது.

பிறகுதான் அவளுக்குப் பிடிக்காததைச் சொன்னேன். சம்பந்தி வீடுகளிலிருந்து வந்த மாதிரிகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் கிருமியின் மரபணுக் கோடுகள் ஒரே வரிசையில் நின்றன. கிருமியும் ஒரே குடும்பம். சின்னவளின் தொண்டையில் துடைத்து எடுத்ததிலும் அதுவேதான். அவள் அதோடு வாழப் பழகிவிட்டாள். குட்டி பிறக்கும்போதும், அவள் மூக்கோடு மூக்கு வைக்கும்போதும் அது குட்டிக்குப் போகிறது. பால் குடிக்கிற வரைக்கும் அவள் பாலே காவலாகவும் இருக்கிறது. பால் மறந்தால் காவல் போய்விடுகிறது.

அக்கா அடுப்பை விட்டு எழுந்துவிட்டாள். "முத்தம் குடுத்தே கொல்லுறான்னு சொல்றியா" என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. விடிந்து பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, கிளம்பும்போது மட்டும், சின்னவள் வயிற்றில் இருக்கிற இந்த ஈற்றோடு நிறுத்திவிடலாம் என்றாள். தோல் வெடிப்பு வழியாக ஆட்களுக்கும் இது தொற்றலாம் என்பதால், ஆய்வுகூடத்தில் போடுகிற மாதிரிக் கையுறைகளை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதைப் போட்டால் குட்டிகள் கிட்டே வரமாட்டேன் என்கின்றன என்று சொல்லி ஆணியில் மாட்டிவிட்டாள். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? சாறு ஏறிக் கறுத்து, கறுத்த இடமெல்லாம் வெடித்திருக்கும். குட்டியின் வாயைத் திறந்து மருந்து ஊட்டியது அந்த விரல்தான்.

நான் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. கடைசி ஈற்றில் விழுந்த குட்டியைப் புதைத்து அதிக நாள் ஆகவில்லை. அக்கா சளி, தடிமன் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். காய்ச்சல், மண்டையிடி. வெளிச்சம் வேண்டாம் என்று கதவைச் சாத்தச் சொன்னாள். படுத்தபடியே எரிந்து விழுந்தாள்.

"ஞாயித்துக்கெழமயும் ஸ்டோர ஓட விட்டா மனுசன் எப்பிடிப்பா தூங்குறது?"

ஸ்டோரு என்பது எங்கள் தேயிலைத் தொழிற்சாலை. நான் வெளியே வந்து பார்த்தேன். கீழே அது பூட்டிக் கிடந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. மைதானத்தில் பையன்கள் பந்து அடிக்கிற சத்தம் தெளிவாக மேலே கேட்டது. அந்த ஸ்டோரு அக்காவின் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் அவளைக் குனிந்து தாடையால் நெஞ்சைத் தொடச் சொன்னேன். தாடை பாதி வழியில் நின்றுவிட்டது, கழுத்து மரக்கட்டையாக இருந்தது. எழுப்பி நிறுத்தினால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அத்தானிடம் நான் போட்ட சத்தத்தில் லயமே வந்துவிட்டது. காதுக்கு எண்ணெய் காய்ச்சவா என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் யாரென்று கூடப் பார்க்கவில்லை, நன்றாகத் திட்டிவிட்டேன். ஆட்டோவில் ஏற்றும்போது தொங்கல் காம்பரா அண்ணி சுடுதண்ணிப் போத்தலோடு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது சிங்கள டாக்டர் ஒருவர் இருந்தார். நான் பன்னி விஷயத்தையும் கிருமியையும் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்காவின் வாயாலேயே கேட்க நினைத்திருப்பார் போல, அவள் பக்கம் திரும்பி, "கெதர ஊரோ இன்னவாத?" என்றார். வீட்டில் பன்னிகள் இருக்கின்றனவா என்று அர்த்தம். சிங்களத்தில் ஊரோ என்றால் பன்னிகள்.

"கந்தப்பளை, சேர்" என்றாள் அக்கா.

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை விட அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். காய்கறி வண்டிக்காரர்களோடு சிங்களத்தில் சண்டை போட்டு ஜெயிக்கிறவள். ஊரோ என்பதற்கும் ஊருக்கும் வித்தியாசம் தெரியாதவளா? அவள் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது ஒரு துண்டு மட்டும், மீதியை ஊகித்துப் பதில் சொல்லியிருக்கிறாள். டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். வீக்கத்தைக் குறைக்கிற மருந்தும் கிருமிக்கு மருந்தும் ஏற்றினார்கள். உயிருக்குப் பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன், காதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் முதலில் உயிரைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பேராசை வந்து காதையும் கேட்டேன். அது அவளுக்கு மட்டும் கேட்கிற காதா? லயத்தில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் அந்தக் காதில்தானே கொண்டுபோய்க் கொட்டினார்கள். வேறு எதை எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

காய்ச்சல் இறங்கியது. கண் தெளிந்து என்னை, அத்தானை, அண்ணியை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் ரகசியம் பேசுறீங்க?"

யாரும் ரகசியம் பேசவில்லை என்று நான் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்தாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அக்கா மெதுவாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் முதுகு நீரில் வளர்ந்த கிருமி பிறகு எங்கள் ஆய்வுகூடத்துக்கும் வந்தது. சோதித்தபோது அதே கோடுகள், அதே வரிசை. அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. லயத்துக் குட்டிகளுக்கு வந்ததேதான் உனக்கும் வந்தது என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, தன் சத்தம் தனக்கே தெரியாமல் வார்டு அதிரச் சொன்னாள், "அப்ப நானும் அவங்களுக்குச் சம்பந்தி ஆயிட்டேன்." அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சின்னவள் லொறியில் போய்விட்டாள். மிருக வைத்தியர் சொன்னதுதான், வேறு வழியும் இல்லை. ஏற்றுகிறபோதும் தலையைச் சாய்த்து அத்தானைப் பார்த்தாளாம். அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அக்கா வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனாள், காலிப் பட்டியைப் பார்த்தாள். அடுப்பு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இப்போது எங்கள் லயத்தில் யாரும் வெள்ளைப் பன்னி வளர்ப்பதில்லை. அந்தப் பீப்பாயைச் சுற்றி நின்ற கூட்டமும் இல்லை. எனக்கு அந்தப் புகை வேண்டும், அந்தச் சண்டை வேண்டும், அக்கா குறுக்கே பேசி என் வாயை அடைக்க வேண்டும். கேட்டால் கிடைக்கிறதா என்ன?

கொழும்பில் காதுக்குள் ஒரு கருவி வைக்கலாம் என்கிறார்கள். அதற்கு முறை வர வேண்டும். அதுவரை சும்மா இருக்கிறவளா அவள்? சாயங்காலம் நான் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறுகிற நேரத்துக்கு அவளிடமிருந்து போன் வரும். செய்தி அனுப்பு, நான் படித்துப் பதில் போடுகிறேன் என்று எழுதிக் காட்டியிருந்தேன். அதெல்லாம் அவளுக்குப் பேச்சே இல்லை. அவள் பாட்டுக்குப் பேசுவாள். அண்ணியின் மகளுக்குப் பெண் குழந்தை, கங்காணிக்கு முழங்கால் வலி, மழை விட்டபாடில்லை. நடுவில் நிறுத்துவாள். நான் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அந்த இடைவெளியில் நான் சொல்வேன், கேட்காது என்று தெரிந்தே சொல்வேன். சில நாள் என் பதில் நீண்டுவிடும், அவள் மேலே பேசிவிடுவாள். முன்பும் அப்படித்தானே.

போன வாரம் அப்படி நிறுத்தியவள் வழக்கத்தை விட அதிக நேரம் நிறுத்தினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருக்கிறாளாம். நான் பேசினால் போன் அதிர்கிறதாம், சிரித்தால் வேறு மாதிரி அதிர்கிறதாம். கண்டுபிடித்துவிட்டாள். "இப்ப பேசு, பாப்பா" என்றாள்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள்.

"அழுகுறியா? அழுகாத. அழுதா கையில ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அதனால் பேசினேன். மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்பதில் ஆரம்பித்தேன்.